பொருளாதாரம் சரிந்தால் என்ன செய்வது? பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் எங்கள் தாமான் (குடியிருப்பு) கோயிலில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, சுண்டல் வாங்க நிற்கும் நேரத்தில்தான் இந்தக் கேள்விகள் பெரும்பாலும் வரும். என் வீட்டுக் கொல்லையில் இருக்கும் மழைநீர்த் தோங்குகளையும் (பீப்பாய்களையும்) மரவள்ளிச் செடிகளையும் யாராவது பார்த்திருப்பார்கள். "என்ன அண்ணே, உலகம் அழியப்போகுதா?" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள், ஐந்து நிமிடத்தில் சிரிப்பு போய் உண்மையான சந்தேகம் வெளியே வரும். ஒரே பதிலைப் பல பேருக்குச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவிட்டேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. பாயான் லெப்பாஸில் இரண்டு மின்னணுத் தொழிற்சாலைகளில் 27 ஆண்டுகள் இயந்திரம் பழுதுபார்த்தவன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

"சரியும் சரியும்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன? கடையெல்லாம் பூட்டிடுவாங்களா?"

பெரும்பாலும் பூட்டமாட்டார்கள். கடை திறந்திருக்கும், சாமானும் இருக்கும். வாங்குகிறவன் கையில் காசு இருக்காது, இல்லாவிட்டால் அந்தக் காசுக்கு மதிப்பு இருக்காது. 1997 நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டரை வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துக்கொண்டிருந்தோம். 1998 ஜனவரியில் அது 4.88 வரை போனது. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. அப்போதும் பாசாரில் (சந்தையில்) மீன் இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தவணை கட்ட முடியாமல் லோரியைப் பறிகொடுத்தார். அவருக்கு அன்றைக்கே எல்லாம் சரிந்துவிட்டது.

எனக்கு அது 2001ல் வந்தது. உலகம் முழுக்க சிப் வியாபாரம் படுத்துக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கையில் வேலைநீக்கக் கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டு நாட்டின் வளர்ச்சி பூஜ்யத்துக்குச் சற்று மேலே நின்றது, அதாவது செய்தியைப் பொறுத்தவரை சரிவே இல்லை. எங்கள் வீட்டில் ஏழு மாதம் சம்பளம் இல்லை. அதிலிருந்து நான் இப்படித்தான் பார்க்கிறேன்: சரிவு எல்லாருக்கும் ஒரே நாளில் வருவதில்லை, வீடு வீடாக வெவ்வேறு தேதியில் வருகிறது. கீழே நான் சொல்வதெல்லாம் உங்கள் வீட்டுத் தேதிக்கான ஏற்பாடு.

"நம்ம நாட்டுல எண்ணெய் இருக்கு, கேஸ் இருக்கு, செம்பனை இருக்கு. இங்க எப்படிண்ணே நடக்கும்?"

ரப்பர் இருந்த காலத்தில் நம் பாட்டன்களும் இதையேதான் நினைத்திருப்பார்கள். 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டங்களில் கூலியை வெட்டினார்கள். ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். மரத்தில் பால் வற்றவில்லை. வாங்குகிறவன் அமெரிக்காவில் இருந்தான், அவன் வாங்குவதை நிறுத்தினான், அவ்வளவுதான். அப்புறம் ஜப்பான்காரன் காலம். 1941 டிசம்பரில் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தது. மூன்றரை ஆண்டுகள் வாழை மரம் போட்ட நோட்டு ஓடியது; 1945ல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் மூட்டை மூட்டையாக வைத்திருந்தவனுக்குக்கூட அது வெறும் காகிதம்.

பினாங்குக்கென்று தனியாக ஒன்று உண்டு. 1969ல் ஜார்ஜ்டவுனின் தீர்வையற்றத் துறைமுகத் தகுதி எடுக்கப்பட்டது. துறைமுகத்தையும் இறக்குமதி வியாபாரத்தையும் நம்பியிருந்த ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 1972ல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை திறந்து வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களைக் கூப்பிட்டார்கள். ஆக, என் வேலையே ஒரு சரிவிலிருந்து பிறந்த வேலை. ரப்பர், துறைமுகம், சிப்: மூன்றிலும் விலையை வைப்பவன் நம் ஊரில் இல்லை.

"அரிசி எத்தனை மூட்டை வாங்கி வைக்கட்டும்?"

முதலில் உங்கள் வீட்டில் மாதம் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். இரண்டு வேளை சோறு சாப்பிடுகிற ஆளுக்கு மாதம் 6, 7 கிலோ ஆகும். நான்கு பேர் என்றால் 25 கிலோவுக்கு மேல். இரண்டு மாதத்துக்குக் கையிருப்பு போதும். அதற்கு மேல் வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வண்டுக்குத்தான் விருந்து. பழையதை முன்னால் வைத்துச் சாப்பிட்டு, புதியதைப் பின்னால் அடுக்குங்கள். மூடி இறுக்கமான தோங்கில் காய்ந்த மிளகாய் நாலைந்து போடுவது என் மாமியார் சொல்லிக்கொடுத்தது, ஓரளவு வேலை செய்கிறது. பருப்பு, உப்பு, புளி, கருவாடு, டின் மத்தி இவற்றையும் இதே கணக்கில் சேருங்கள். உப்பை மட்டும் தாராளமாக வாங்கலாம், கெடாது.

ஏன் அரிசி என்று கேட்பவர்களுக்கு: இந்த நாடு சாப்பிடும் அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் முதல் தேதி இங்கே இறக்குமதி அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 ஆனது. உள்ளூர் அரிசி கிலோ 2.60 என்று கட்டுப்பாட்டு விலையில் இருந்ததால், எல்லாரும் அதைத் தேடி ஓடினார்கள், அது கடையிலிருந்து மாயமானது. கோழியும் இப்படித்தான். கோழி நம் ஊரில்தான் வளர்கிறது, ஆனால் அது தின்னும் சோளமும் சோயாவும் கப்பலில் வருகின்றன. தீவன விலை ஏறி, 2022 ஜூனில் கோழி ஏற்றுமதியையே அரசாங்கம் நிறுத்த வேண்டியதாயிற்று.

"தண்ணிக்கு என்னண்ணே பயம்? பினாங்குல தண்ணி சல்லிசு."

சல்லிசுதான். ஆனால் அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கெடாவிலிருந்து ஓடிவரும் மூடா ஆற்றுத் தண்ணீர். பெரும்பகுதி சுங்கை டுவா என்ற ஒரே இடத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. 2024 ஜனவரி 10ஆம் தேதி அங்கே இரண்டு வால்வுகளை மாற்றுவதற்காகத் தண்ணீரை நிறுத்தினார்கள். ஏறத்தாழ 590,000 பயனீட்டாளர்கள் பாதிக்கப்பட்டார்கள், சில இடங்களில் நான்கு நாள் வரை குழாய் வறண்டது. முன்கூட்டியே அறிவித்துச் செய்த வேலைக்கே அந்தப் பாடு. ஒரு தொழிற்சாலை மெக்கானிக்காகச் சொல்கிறேன், இரண்டு வால்வை நம்பி ஒரு மாநிலம் இருப்பது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று ஒரு வாரத்துக்கு வையுங்கள். கழுவ, குளிக்க மழைநீர். 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர். நம் ஊரில் அது அரை மணி நேர மழை. தோங்கின் வாயைக் கொசு நுழையாத துணியால் கட்டாவிட்டால் டிங்கி வந்துவிடும், அபராதமும் வரும்.

"நான் பதினாலாவது மாடியில இருக்கேன். எதை நடறது?"

கறிவேப்பிலை, மிளகாய், பண்டான், கங்கோங். கங்கோங் கீரையைப் பாசாரில் வாங்கி இலையை ஆய்ந்துவிட்டு, தண்டைத் தண்ணீரில் போட்டால் வேர் விடும். வீட்டு வாசல் நடைவழியை மறித்துத் தொட்டி வைக்காதீர்கள், தீ பிடித்தால் ஓடுகிற வழி அது. பி.ப.சங்கம் (பினாங்கு பயனீட்டாளர் சங்கம்) பல ஆண்டுகளாக ரசாயனம் இல்லாத வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசிவருகிறது. நானும் அவர்களிடம்தான் மண்புழு உரம் போடக் கற்றேன்.

ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். தொட்டிக் கீரை வயிற்றை நிரப்பாது. கையளவு மண் இருந்தால் மரவள்ளி வையுங்கள். குச்சியை ஒடித்து நட்டால் எட்டுப் பத்து மாதத்தில் கிழங்கு. ஜப்பான் காலத்தில் உயிரைக் காத்தது அதுதான், சாகும்வரை அதைத் தொடாத கிழவிகளும் இருந்தார்கள், அவ்வளவு தின்றிருந்தார்கள். தோலைச் சீவி, நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாகத் தின்றால் அதில் நஞ்சு உண்டு.

"சேமநிதிக் காசை எடுத்து நகையா வாங்கிடவா?"

வேண்டாம் என்பது என் கருத்து. கோவிட் காலத்தில் நான்கு சிறப்புத் திட்டங்கள் வழியாக நம் மக்கள் 145 பில்லியன் வெள்ளியை ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தார்கள். பலருக்கு வேறு வழி இல்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தில் எடுத்தவர்களும் உண்டு, அந்தக் காசு இப்போது எங்கே என்று கேட்டால் பெருமூச்சுதான் வரும். 2024 மே மாதத்திலிருந்து நினைத்தபோது எடுக்க 10 விழுக்காட்டுக் கணக்கு தனியாக இருக்கிறது. அதைக்கூட விடுமுறைப் பயணத்துக்குக் கரைக்காமல் விட்டால் நல்லது. வங்கி விழுந்தால் என்ன என்பார்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதி உண்டு. நம்மில் அந்த எல்லையைத் தாண்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நகை கொஞ்சம் இருக்கட்டும். வாங்கும்போது செய்கூலி கொடுக்கிறோம், விற்கும்போது எடைக்குத்தான் காசு. எல்லார் வீட்டிலும் கஷ்டம் வருகிற அதே வாரத்தில் அடகுக்கடை வரிசையும் நீளும். நகை வாங்கும் காசு இருந்தால் முதலில் கடனைக் கட்டுங்கள். கிரெடிட் கார்டு, கார்த் தவணை, இப்போது புதிதாக வந்திருக்கும் "இப்போ வாங்கு, அப்புறம் கட்டு" எல்லாம் சேர்த்து. 2001ல் ஏழு மாதம் நாங்கள் தாக்குப்பிடித்தது சேமிப்பால் என்று நினைக்காதீர்கள், அது மூன்று மாதத்தில் தீர்ந்தது. மாதம் பிறந்தால் கட்ட வேண்டியது வீட்டுத் தவணை ஒன்றுதான் இருந்தது. என்னோடு அதே நாளில் கடிதம் வாங்கிய நண்பருக்குப் புதுக் கார் இருந்தது. அவர் ஆலோங்கிடம் (சட்டவிரோதக் கந்துவட்டிக்காரனிடம்) போனார். மீதியை எழுத விருப்பமில்லை.

"அப்போ நாமளே பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் போட்டுக்கலாமே?"

கூட்டு, அதாவது சீட்டு, நம் தமிழ்ச் சொல்தான், சட்டத்திலேயே ஏறியிருக்கிறது: 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதி தடைச் சட்டம். மலாய்க்காரர்களும் குத்து என்றுதான் சொல்கிறார்கள். நடத்துவது சட்டப்படி குற்றம். 1986ல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் சொத்து முடக்கப்பட்ட கதையும் பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். காசை ஒருவர் கையில் குவிக்கும் ஏற்பாடு சரிவு நேரத்தில்தான் ஓடிப்போகும்.

காசில்லாத கூட்டு வேறு. எங்கள் வரிசையில் ஆறு வீட்டுக்கு ஒரே ஏணி, ஒரே வெல்டிங் செட், ஒரே பெரிய அண்டா. யார் யாருக்கு எது தெரியும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். 1960ல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தையும் மறக்கக் கூடாது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டு, தாங்கள் வேலை செய்தது போன்ற தோட்டங்களையே வாங்கினார்கள். முறையாகப் பதிந்து, கணக்குக் காட்டினால் நமக்கும் முடியும் என்பதற்கு அது சான்று.

"சோலார் போட்டுட்டா கரண்டு கவலை இல்லையே?"

கூரையில் பலகை போட்ட பெரும்பாலானவர்களுக்கு இது தெரியவில்லை: பேட்டரி இல்லாமல் கம்பியோடு இணைத்த சோலார், வெளியே கரண்டு போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். பில் குறையும், இருட்டில் உதவாது. விளக்குக்கும் கைப்பேசிக்கும் சின்ன பலகையும் ஒரு பேட்டரியும் போதும். ஃபிரிட்ஜை மறந்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் என்னோடு வேலை செய்தார். போர்க்காலத் தடையில் மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் ஜாம் போத்தலில் பஞ்சும் திரியும் வைத்துச் சொட்டு எண்ணெயில் படித்த கதை சொல்வார். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதித்து, டைனமோவில் ரேடியோ கேட்டிருக்கிறார்கள். அவர் அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டார், கொஞ்சம் கோபமாகத்தான் சொல்வார்.

"எனக்குச் சுகர், வீட்டுக்காரருக்கு பிரஷர். மருந்து வரலன்னா?"

மற்ற கேள்விகளுக்கெல்லாம் ஏதோ ஒரு மாற்று சொல்லிவிடுவேன். இதற்குக் கையை விரிக்க வேண்டியிருக்கிறது. இன்சுலினுக்கு வீட்டு வைத்தியத்தில் மாற்று இல்லை. பாகற்காய்ச் சாறு போதும் என்பவர்களை வாசலோடு அனுப்புங்கள். கிளினிக்கில் மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய் எடுத்துவிடுங்கள், டாக்டரின் சீட்டைப் படமெடுத்து வையுங்கள், மருந்தின் வணிகப் பெயரோடு அதன் உண்மைப் பெயரையும் எழுதி வையுங்கள். உபயோகத்தில் இல்லாத இன்சுலின் 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும், கரண்டு போனால் எந்தப் பக்கத்து வீட்டில் ஐஸ் பெட்டி இருக்கிறது என்று இப்போதே கேளுங்கள்.

மாத்திரையளவில் இருப்பவர்கள் சர்க்கரையைக் குறைத்து, நடந்து, டாக்டர் சொல்கேட்டு அளவை இறக்க முடிந்தால் அதைவிடப் பெரிய முன்னேற்பாடு கிடையாது. இந்த நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு (2023 கணக்கு), அதில் நம் இனம் முன்னால் நிற்கிறது.

"நீங்க சேர்த்து வெச்சது தெரிஞ்சா, பசியில இருக்கிறவன் வந்து அடிச்சுப் பிடுங்கமாட்டானா?"

வெளிநாட்டுப் படங்கள் பார்த்துக் கேட்கும் கேள்வி இது. 2021 ஜூன் கடைசியில், நடமாட்டக் கட்டுப்பாடு நீண்டு கையில் எதுவும் இல்லாமல் போனபோது, நம் மக்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டினார்கள். "சாப்பாடு இல்லை" என்று அர்த்தம். யார் எந்த இனம் என்று பாராமல் அரிசியும் முட்டையும் கொண்டுபோய் வைத்தார்கள். எங்கள் தாமானில் மூன்று வீட்டில் தொங்கியது. ஒன்று, நாங்கள் வசதியானவர் என்று நினைத்திருந்த வீடு. பூட்டுப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாத அரிசியில் (மேலே அரிசிக் கேள்வியைப் பாருங்கள்) ஐந்து கிலோவைக் கொடுப்பதற்கென்றே ஒதுக்குங்கள்.

"கெடா பக்கம் ரெண்டு பேரா சேர்ந்து நிலம் வாங்கி ஓடிடலாம்னு பார்க்கிறோம்."

ஓடுவதற்கு முன் நிலப்பட்டாவைப் படியுங்கள். விவசாய நிலத்தை ஒரு ஏக்கருக்குக் கீழே தனிப்பட்டாவாகப் பிரிக்க முடியாது. "கால் ஏக்கர் உங்களுக்கு" என்று விற்பவர் பத்துப் பேர் பெயரை ஒரே பட்டாவில் போடுவார், அப்புறம் பத்துப் பேரும் சண்டை. மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்றும் பாருங்கள், அதை நாம் வாங்க முடியாது. இதெல்லாம் சரியாக இருந்தாலும், ஆள் அறியாத ஊரில் ஐம்பது வயதில் போய் மண்வெட்டி பிடிப்பவனுக்கு யார் வெள்ளைத் துணியைப் பார்த்து அரிசி கொண்டுவருவார்?

"அப்போ பழையபடி தோட்டத்து வாழ்க்கையே நல்லதுன்னு சொல்றீங்க, அப்படித்தானே?"

இந்தக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். நான் பிறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). தோட்டத்தை கிராமம் என்று நினைத்து உருகுகிறவர்கள் பெரட்டு மணியை (ஆள் கணக்கெடுக்கும் மணியை) மறந்துவிடுகிறார்கள். விடிவதற்கு முன் வரிசையில் நிற்க வேண்டும். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பெயர் கூப்பிடுவார். நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு ஒரே வகை மரம். எடுத்த பாலை எடை போட்டுக் கூலி. வீடும் கடையும் முதலாளியுடையது. கூரை இல்லாத தொழிற்சாலை அது. நவீனத் தொழில் வாழ்க்கை நமக்கு பாயான் லெப்பாஸில் தொடங்கவில்லை, நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ரப்பர் காட்டிலேயே தொடங்கிவிட்டது.

நல்லதாக இருந்தது லயத்துக்குப் பின்னால் இருந்த அரைக்கால் ஏக்கர்தான். என் ஆயா (பாட்டி) அங்கே இரண்டு மாடு, ஆடு, முருங்கை, அவரைப் பந்தல் வைத்திருந்தார். தோட்டம் கைமாறி, செம்பனையாகி, எங்களை வெளியேறச் சொன்னபோது கிடைத்தது கொஞ்சம் காசும் தாமானில் ஒரு சின்ன வீடும். மாட்டை விற்றுவிட்டு வந்தோம். வேலை போனால்கூட சோறு தரும் அந்தத் துண்டு நிலம்தான் போனது. மணி அடித்தால் ஓடும் பழக்கம் மட்டும் எங்களோடு வந்தது.

"27 வருஷம் ஃபேக்டரிச் சோறு தின்னுட்டு இப்போ தொழிற்சாலை தப்புன்னு பேசறது நியாயமா?"

நியாயமான கேள்வி, என் மகள் கேட்டது. அந்தச் சம்பளத்தில்தான் அவளைப் படிக்க வைத்தேன். நான் கும்பிடும் சாமிக்கு அடுத்து அந்த வேலைக்கு நன்றி. அம்மை தடுப்பூசியும் சுத்தமான குழாய்த் தண்ணீரும் பெரிய ஏற்பாடுகள் இல்லாமல் வந்திருக்காது. மருந்துக் கேள்வியில் நான் கைவிரித்ததும் அதனால்தான்.

எனக்கு ஒத்துக்கொள்ள முடியாதது வேறு. நாங்கள் பொருத்திச் செய்த கருவிகள் கெட்டால் திறந்து பார்க்க முடியாதபடி ஒட்டப்பட்டிருந்தன. பழுதுபார்ப்பதே தொழிலாகக் கொண்ட நான், பழுதுபார்க்க முடியாத சாமான்களைச் செய்யும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். 2019ல் மறைந்த எஸ். எம். முகமது இட்ரிஸ், பி.ப.சங்கத்தின் தலைவராக இருந்தவர், வேண்டாத சாமானை வாங்கிக் குவிக்கும் வாழ்க்கையைப் பற்றி எத்தனையோ ஆண்டு கத்திக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு அவர் ஏதோ வேலை இல்லாமல் பேசுவதாகத்தான் பட்டது. ஓவர்டைம் போட்டு இரண்டாவது டிவி வாங்கிய காலம் அது.

"பிள்ளைங்களை என்ன படிக்க வைக்க?"

அவர்கள் விரும்புவதை. கூடவே கையால் செய்யும் ஒரு வேலை: குழாய், மின்சாரம், தையல், மோட்டார் பழுது, எதுவானாலும். 2001ல் வேலைநீக்கக் கடிதம் வந்த பிறகு முதல் காசு எனக்கு ஒரு கோப்பிக்கடையின் ஐஸ் இயந்திரத்தைச் சரிசெய்து கிடைத்தது.

"சரிண்ணே, நாளைக்கே ஆரம்பிக்கணும்னா எதுல ஆரம்பிக்க?"

எதையும் வாங்காதீர்கள். ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீட்டின் மெயின் சுவிட்சையும் தண்ணீர் மீட்டர் பக்கத்துக் குழாயையும் மூடுங்கள். ஞாயிறு மாலை ஆறு வரை அப்படியே இருங்கள். ஃபிரிட்ஜில் மருந்து இருந்தால், வீட்டில் கருவியை நம்பி இருக்கும் நோயாளி இருந்தால், இதைச் செய்ய வேண்டாம். என்ன இல்லை, என்ன தெரியவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் பட்டியல், என்னுடையது உங்களுக்குப் பொருந்தாது.

நாங்கள் முதல் தடவை செய்தபோது இரவு சாப்பாடு நன்றாகவே போனது. கேஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, தோங்குத் தண்ணீர், பேரப்பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். காலையில் நாசி லெமாக் வாங்கிவரலாம் என்று காரை எடுத்தேன். வாசலில் இருப்பது ஆட்டோகேட். கரண்டு இல்லாமல் திறக்க அதற்கு ஒரு சின்னச் சாவி உண்டாம். கதவு போட்டவர் பதினோரு வருடத்துக்கு முன் கையில் கொடுத்தார் என்று என் மனைவி சொல்கிறார், நான் வாங்கவே இல்லை என்கிறேன்.